பாடநூல் விலையும் பெற்றோர் நிலையும்

ஜூன் மாதம் பிறக்கிறதென்றால் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புது வகுப்பு. புத்தக வணிகருக்குப் புது வரவு. அடகுக் கடைக்காரருக்கும் புது வரவு! பிள்ளையைத் தனியார் பள்ளியிலே சேர்த்துவிட்டு வெளியே வரும் தந்தையின் கையிலே ஒரு தாளைத் தருகிறார்கள். கட்டணச் சீட்டு வேறு, இது வேறு. புத்தகம் இன்ன விலை, குறிப்பேடு இன்ன விலை, மேலட்டை இன்ன விலை என்று விரித்துரைக்காமல், அடியிலே ஒரே தொகையாகப் போட்டிருக்கும் தாள். அவர் அதனைப் படித்துவிட்டு மனைவியின் முகத்தைப் பார்க்கிறார். அந்த அம்மையார் தம் காதைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். தோடு இருக்கிறது, ஆகவே புத்தகம் வந்துவிடும்!

இலவசக் கல்வி, கட்டாயக் கல்வி என்னும் சொற்களைக் கேட்டுக் கேட்டு நமது காதுகள் பழகிவிட்டன. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம், பத்தாண்டுக் காலத்துக்குள் 14 வயது நிறையும்வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளித்திட அரசு முயலவேண்டும் என்று தனது 45ஆவது பிரிவிலே கூறிற்று. பத்தாண்டு என்றது ஐம்பதாண்டைத் தாண்டிற்று. 2002இல் 86ஆவது திருத்தம் வந்தது. 2009இல் கல்வி உரிமைச் சட்டம் பிறந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையாயிற்று. முயற்சி என்றிருந்தது உரிமை என்றாயிற்று; மகிழ்ச்சிதான். எனினும் பள்ளிக் கட்டணம் இல்லை என்று அறிவித்துவிட்டு, அந்தப் பள்ளியிலே படிக்க வேண்டிய புத்தகத்துக்கு விலை கேட்பது, ஊருக்குக் கிணறு வெட்டிக் கொடுத்துவிட்டுக் கயிற்றுக்கும் வாளிக்கும் காசு கேட்பதைப் போன்றதன்றோ?

இதனை அறிஞர்கள் அன்றே உணர்ந்திருந்தனர். தௌலத் சிங் கோத்தாரியின் தலைமையில் 1964இல் அமைந்து 1966இல் அறிக்கை அளித்த கல்விக் குழு, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூலையும் எழுதுபொருளையும் இலவசமாகவே தந்திடல் வேண்டும் என்று பரிந்துரை செய்தது. மேல் வகுப்புகளிலே புத்தக வங்கிகள் அமைத்திடல் வேண்டும் என்றும் சொன்னது. அறிக்கைகளுக்கு இந்த நாட்டில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. அறிக்கையைப் படித்தவர்கள் அதன்படி நடந்திட முன்வந்தார்களா என்பதுதான் கேள்வி.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரையில், முன்வந்தார்கள் என்று நாம் தலைநிமிர்ந்து கூறலாம். 1958இல் அந்நாளைய கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தின்போது, ஊர் மக்களே திரண்டு வந்து பள்ளிக்கு வேண்டிய பலகையும், பெட்டியும், பிள்ளைகளுக்குச் சீருடையும், நூலும் வாங்கித் தந்தார்கள். இருப்பவர் இல்லாதவர்க்குக் கொடுத்தனர் என்பது மட்டுமன்று. பள்ளிக்கு வேண்டிய பொருள் பள்ளியின் பொறுப்பே என்னும் எண்ணம் அங்கே வேரூன்றிற்று. பின்னர் 1970 மார்ச் 4ஆம் நாள் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் தோன்றியது. அதற்கு முன்னர், பாடநூல் என்பது தனியார் பதிப்பாளர்கள் எழுதுவித்து, ஒப்புதல் பெற்று, பள்ளிக்குப் பள்ளி ஏறி இறங்கி விற்ற சரக்காக இருந்தது. ஒரே வகுப்புக்கு ஊருக்கு ஊர் வேறு நூல். ஆண்டுக்கு ஆண்டு வேறு நூல். அந்தச் சந்தையை மூடி, அரசின் பொறுப்பிலே நூலை ஆக்கி, அரசின் பொறுப்பிலே அச்சிட்டுத் தரும் ஏற்பாடு வந்தது. 2013இல் பெயர் நீண்டு, தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் என்றாயிற்று. இன்று அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பயிலும் பிள்ளை, முதல் வகுப்பிலிருந்து 12ஆம் வகுப்பு முடிய, ஒரு காசும் கொடாமல் பாடநூலைப் பெறுகிறது. குறிப்பேடும் பெறுகிறது, பையும் பெறுகிறது. பிற மாநிலத்தார் வந்து பார்த்து வியக்கும் ஏற்பாடு இது என்றால் மிகையன்று.

அங்ஙனமாயின், தொடக்கத்தில் சொன்னோமே, தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்ட அம்மையார், அவர் எந்த நாட்டிலே இருக்கிறார்? இந்த நாட்டிலேதான் இருக்கிறார். அவர் பிள்ளை தனியார் பள்ளியிலே படிக்கிறது, அவ்வளவே வேறுபாடு.

"தனியார் பள்ளியை நாடிச் சென்றவர் வசதி படைத்தவர், விலை கொடுத்து வாங்கட்டும், அரசுக்கு இதிலே என்ன கவலை?" என்று கேட்போர் உண்டு. கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் தனியார் பள்ளி என்றதும் குளிரூட்டிய பேருந்தும் நீச்சல் குளமும் உள்ள மாளிகையை மட்டுமே நினைத்துக்கொண்டு பேசலாகாது. தெருக்கோடியிலே ஓட்டுக் கட்டடத்திலே நடக்கும் மழலையர் பள்ளியும் தனியார் பள்ளிதான். அங்கே பிள்ளையைச் சேர்ப்பவர்கள் யார்? ஆட்டோ ஓட்டுகிறவர், தையற்கடை வைத்திருப்பவர், துணிக்கடையிலே நின்றுகொண்டே பத்து மணி நேரம் வேலை பார்க்கும் பெண், பின்னலாடை ஆலையிலே வாரக் கூலி வாங்குகிறவர். தாம் படிக்காத ஆங்கிலத்தைத் தம் பிள்ளை படித்துவிடாதா என்னும் ஏக்கம் ஒன்றே அவர்களை அங்கே இழுத்துச் செல்கிறது. அந்த ஏக்கம் சரியா, தாய்மொழியிலே தொடங்குவதன்றோ முறை என்பது தனி வழக்கு. அதனை வேறொரு நாள் பேசுவோம். ஏக்கம் கொண்டதற்காக ஒருவரைக் கொள்ளைக்கு உட்படுத்தலாமா என்பதுதான் இன்றைய கேள்வி.

நோயின் வேர் எங்கே இருக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். சந்தைக்குச் செல்கிறோம், கத்தரிக்காய் விலை அதிகம் என்றால் வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். விற்பவனுக்கு அந்த அச்சம் இருப்பதால்தான் விலை ஓரளவு கட்டுக்குள் நிற்கிறது. பள்ளிப் புத்தகத்தில் அந்த அச்சம் யாருக்கும் இல்லை. இன்ன நூல்தான் வேண்டும் என்று தேர்ந்தெடுப்பவர் ஒருவர். அதற்கு விலை கொடுப்பவர் வேறொருவர். தேர்ந்தெடுப்பவர் விலையைப் பார்ப்பதில்லை, அது அவர் பணமன்று. விலை கொடுப்பவர் மறுப்பதற்கில்லை, அது அவர் பிள்ளை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள் நம் ஊர்ப் பெரியவர்கள். இந்த வாணிகத்திலே நடப்பது அச்சாக அதுதான். இன்னும் ஒரு படி மேலே, நூலைத் தேர்ந்தெடுப்பவருக்கே விற்பனையில் பங்கும் கிடைக்குமானால், மலிவான நூலை நாடுவதற்கு அவருக்கு என்ன பைத்தியமா?

இக்கட்டு இவ்வளவோடு நிற்கவில்லை. கடைக்குப் போய், "கணக்குப் புத்தகம் மூத்தவனுடையது இருக்கிறது, மற்றவை மட்டும் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். "செட்டாகத்தான் தருவோம், பிரித்துத் தருவதில்லை" என்று விடை வரும். வேறு கடைக்குப் போகலாமென்றால், அந்தப் புத்தகம் வேறு கடையிலே இராது. இப்படி ஒரே ஒரு கடையில், ஒரே ஒரு கட்டாக, ஒரே ஒரு விலையில் விற்பதற்கு வாணிகம் என்ற பெயர் பொருந்துமா? சுங்கச்சாவடி என்பதே பொருந்தும்.

கட்டைப் பிரித்துப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. பெரிய வகுப்புப் பிள்ளைக்காவது அறிவியலும் வரலாறும் கணக்கும் என்று நூல்கள் உள்ளன. மூன்றரை வயதுக் குழந்தைக்கு? எழுத்து வரிசைக்கு ஒரு நூல், எண் வரிசைக்கு ஒரு நூல், வண்ணம் தீட்ட ஒன்று, கோடு இழுக்க ஒன்று, பாட்டுக்கு ஒன்று, பொது அறிவுக்கு ஒன்று, நன்னெறிக்கு ஒன்று, கணிப்பொறிக்கும் ஒன்று! எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்கு எட்டுப் புத்தகம். விலை சில ஆயிரம் ரூபாய். நம் பாட்டன்மார் திண்ணைப் பள்ளியிலே மணலைப் பரப்பி, விரலாலே அகரம் எழுதிப் பழகினார்கள். அந்தக் காலம் திரும்பவேண்டும் என்று நாம் சொல்லவில்லை; அந்தத் திண்ணையிலே எல்லோருக்கும் இடம் இருந்ததில்லை என்பதை நாம் மறந்தவர்களும் அல்லோம். ஆனால் மணலிலே எழுதிய பிள்ளைக்கும் அகரம் வந்தது என்பதை இந்த எட்டுப் புத்தகக்காரர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

இந்த நூல்களிலே பெரும்பாலானவை ஒரு தந்திரத்தோடு ஆக்கப்பட்டவை. வெளிப்பார்வைக்கு அது கல்வி முறை. உள்ளே அது கணக்கு முறை. கேள்வியின் கீழே கோடிட்டு இடம் விட்டிருப்பார்கள். விடையைப் புத்தகத்திலேயே எழுத வேண்டும். படத்தை வெட்டி ஒட்ட வேண்டும். பக்கத்தைக் கிழித்து ஆசிரியரிடம் தர வேண்டும். ஆண்டு முடிவிலே அந்த நூல் யாருக்கும் பயன்படாது. அண்ணன் படித்ததைத் தம்பி படிக்க முடியாது. அக்கா படித்ததை அடுத்த வீட்டுப் பெண் வாங்க முடியாது. பழுப்புத் தாளில் உறை போட்டு, முனை மடங்காமல் வைத்திருந்து, பாதி விலைக்குக் கைமாற்றிக் கொடுத்த வழக்கம் ஒன்று நம் நாட்டிலே இருந்தது. தேர்வு முடிந்த மறுநாளே, "அடுத்த வருடம் உன் புத்தகம் எனக்குத்தான்" என்று முன்பதிவு செய்துவைக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். 1985இல் தீக்கிரையாகும்வரை சென்னை மூர் மார்க்கெட்டும், மதுரையிலே புதுமண்டபத்துப் புத்தகக் கடைகளும் எத்தனை ஏழை மாணவர்களின் நூலகமாக விளங்கின என்பதை மூத்தோரைக் கேட்டால் சொல்வார்கள். ஒரு நூல் நான்கு கைகள் மாறினால், ஒருவர் தலையிலே விழும் செலவு காற்பங்காகிறது. எந்த அரசும் மானியம் தராமல், எந்தச் சட்டமும் துணை வராமல், மக்கள் தாமே கண்ட சிக்கன வழி அது. எழுதி நிரப்பும் நூலும், இரண்டு படங்களை மாற்றி அட்டை நிறத்தையும் மாற்றி ஆண்டுதோறும் வெளிவரும் 'புதிய பதிப்பு'ம் சேர்ந்து அந்த வழியை அடைத்துவிட்டன. விலை ஏற்றத்தைவிட இதுதான் பெருங்கேடு என்பது நமது எண்ணம். ஏனெனில் விலை ஏறினால் கண்ணுக்குத் தெரியும், இது தெரிவதில்லை.

2018 நவம்பரில் ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பிற்று: ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் புத்தகப் பை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கலாகாது; 10ஆம் வகுப்புக்கு 5 கிலோ. நல்லது. பிள்ளையின் முதுகுக்கு வரம்பு கட்டியவர்கள், தந்தையின் முதுகை மறந்துவிட்டார்கள். பையின் எடைக்கு உள்ள வரம்பு பையின் விலைக்கு இல்லை.

பொது நூல் என்பதன் பயன் என்ன என்பதற்கு நமது சமச்சீர் கல்வி வரலாறே சான்று. 2010க்கு முன்னர் இங்கே மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்கு வகைப் பாடத்திட்டங்கள். மெட்ரிகுலேஷன் பிள்ளைகளுக்குத் தனியார் பதிப்பாளரின் நூல்கள். 2010இல் பொதுப் பாடத்திட்டத்துக்குச் சட்டம் வந்து, அவ்வாண்டே முதல் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் பொது நூல் புகுந்தது. 2011இல் ஆட்சி மாறிற்று. புதிய அரசு அதனை நிறுத்திவைக்கச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது, உச்ச நீதிமன்றம் சென்றது. ஜூன் நடுவிலே பள்ளி திறந்தாயிற்று. ஆகஸ்ட் 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பத்து நாளுக்குள் நடைமுறைப்படுத்துக என்று தீர்ப்பளிக்கும்வரை, லட்சக்கணக்கான பிள்ளைகள் பாடநூல் இல்லாமலே பள்ளிக்குப் போய் வந்தனர். அச்சான நூல்கள் கிடங்கிலே கிடந்தன. அந்த இரண்டு மாதம் நமக்கு ஒன்றைக் கற்பித்திருக்க வேண்டும்: பாடநூல் என்பது ஆட்சியாளரின் விருப்பு வெறுப்புக்குக் காத்திருக்கக்கூடிய பொருளன்று. முடிவிலே, செல்வர் வீட்டுப் பிள்ளையும் செருப்புத் தைப்பவர் வீட்டுப் பிள்ளையும் ஒரே அச்சகத்தில், ஒரே தாளில் அச்சான நூலைப் படித்தனர். தனியார் பள்ளிப் பெற்றோர்க்கும் அது விலை குறைந்த நூலாயிற்று.

ஆனால் முன்வாயிலில் வெளியேற்றப்பட்ட பழைய சந்தை பின்வாயிலில் நுழைந்துவிட்டது. பொது நூலோடு நில்லாமல், இலக்கணத்துக்கு ஒன்று, கையெழுத்துக்கு ஒன்று, பொது அறிவுக்கு ஒன்று எனக் 'கூடுதல்' நூல்கள் குவிகின்றன. இன்னொரு புறம், சி.பி.எஸ்.இ. பள்ளிகள் ஊர்தோறும் முளைத்துவிட்டன. அங்கே 1961இல் நிறுவப்பட்ட தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு மலிவு விலையில் வெளியிடும் நூல்கள் உண்டு. உண்டு என்றாலும், கீழ் வகுப்புகளில் அவற்றை ஒதுக்கிவிட்டுத் தனியார் நூல்களைத் திணிக்கும் பள்ளிகளே கண்ணுக்குத் தெரிகின்றன. 2017 ஏப்ரலில் அந்த வாரியம், பள்ளி வளாகத்துக்குள் புத்தகமும் சீருடையும் விற்பதை நிறுத்துங்கள், பள்ளி வாணிகத் தலமன்று என்று சுற்றறிக்கை விட்டது. ஆகஸ்டில் அதே வாரியம், வளாகத்துக்குள் சிறு கடை வைத்து அக்குழுவின் நூல்களையும் எழுதுபொருள்களையும் விற்கலாம் என்று தளர்த்திற்று. கதவு சிறிது திறந்தால் போதாதா, ஒட்டகம் கழுத்தை நீட்ட?

சட்டம் இருந்து, அதனைக் கையிலெடுக்கும் அதிகாரியும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூரைப் பாருங்கள். தனியார் பள்ளிக் கட்டணத்தையும் அதனைச் சார்ந்த செய்திகளையும் ஒழுங்குபடுத்த அம்மாநிலம் 2017இல் ஒரு சட்டம் இயற்றியது. 2024 மே மாதம் அம்மாவட்ட நிர்வாகம் கணக்குகளைப் புரட்டி, பள்ளிகளும் புத்தக வணிகர்களும் கைகோத்துப் பெற்றோரைச் சுரண்டியதாக வழக்குப் பதிந்தது. பள்ளி நிர்வாகிகளும் புத்தகக் கடைக்காரர்களும் கைதாயினர். குற்றம் மெய்யா பொய்யா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஒரு மாவட்ட அதிகாரி மனம் வைத்தால் புத்தகக் கட்டைப் பிரித்துப் பார்க்க முடியும் என்பதே நாம் காணும் பாடம். தமிழ்நாட்டில் 2009இல் பள்ளிக் கட்டணத்துக்கு வரம்பு கட்டும் சட்டம் வந்தது. ஓய்வு பெற்ற நீதிபதியின் தலைமையில் குழுவும் அமைந்தது. கட்டணத்துக்கு வரம்பு கட்டியதும், கறக்க நினைத்தவர்கள் மடியை மாற்றிக்கொண்டார்கள். கட்டணச் சீட்டு மெலிந்தது. புத்தகச் சீட்டு பருத்தது.

இவ்வளவும் தனியாரைப் பற்றி. அரசின் பக்கமும் ஒரு சொல் சொல்லத்தான் வேண்டும். நம்மவர் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்வது நாளேட்டுக்கு அழகன்று. 2024 ஆகஸ்டில் பாடநூல் கழகம் விற்பனை விலையை உயர்த்திற்று. முதல் வகுப்பு நூல்களின் விலை 390 ரூபாயிலிருந்து 550 ஆயிற்று. 10ஆம் வகுப்புக்கு 790 ரூபாய் 1,130 ஆயிற்று. தாள் விலை ஏறிவிட்டது, மேலட்டை விலை ஏறிவிட்டது, அச்சுக் கூலி ஏறிவிட்டது என்று காரணம் கூறினார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசம் தொடர்கிறது, ஆகவே பாதிப்பில்லை என்றும் கூறினார்கள். முதற் காரணத்தைப் பொய்யென்று நாம் சொல்லமாட்டோம். இரண்டாவது விடைதான் நமக்கு உடன்பாடில்லை. அந்த 1,130 ரூபாயைக் கொடுப்பவர் மாளிகைவாசி மட்டுமல்லர். முன்னே சொன்ன தையற்காரரும் கொடுக்கிறார். தனியார் நூலுக்கு மாற்றாக மக்கள் நம்பிப் பிடித்துக்கொள்ளும் தூண் பாடநூல் கழகம். அந்தத் தூணும் உயர்ந்துகொண்டே போனால், "அரசு நூலே இந்த விலை என்றால் எங்கள் நூல் இந்த விலையாகாதா?" என்று கேட்பதற்குத் தனியாருக்கு வாய் கிடைத்துவிடும்.

தாளைப் பற்றிச் சொன்னார்கள். தாளைப் பற்றியே பேசுவோம். பாடநூலின் அடக்க விலையிலே பெரும்பங்கு தாள். மரத்தை மட்டும் நம்பாமல், கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்யும் ஆலையைக் கரூர் மாவட்டம் புகழூரை அடுத்துத் தமிழ்நாடு அரசு 1979இல் நிறுவிற்று. 1984இல் உற்பத்தி தொடங்கிற்று. ஆலை ஏறிவரும் சக்கை நம் வயலில் விளைந்த கரும்பினது. ஆலை நாம் தொடங்கியது. நூல் நாம் அச்சிடுவது. படிப்பது நம் பிள்ளை. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியிலே விலை ஏறுகிறது என்று ஆராய்ந்து பார்க்கும் வாய்ப்பு இந்தியாவில் வேறெந்த மாநிலத்துக்கும் இவ்வளவு எளிதாக வாய்த்ததில்லை. பாடநூல் தாளுக்கென்று மூன்றாண்டுக்கு ஒருமுறை நிலையான விலை ஒப்பந்தம் செய்துகொண்டால், ஜூன் மாதந்தோறும் சந்தை விலையைக் காரணம் காட்ட வேண்டியிராது.

வரியின் கதை இன்னும் விந்தை. அச்சிட்ட புத்தகத்துக்குச் சரக்கு சேவை வரி இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல், குறிப்பேட்டின் மீதிருந்த 12 விழுக்காட்டு வரியும் நீங்கிற்று. பென்சில் மீதும் அழிப்பான் மீதும் இருந்த வரியும் நீங்கிற்று. இதனைச் செய்தவர் எவராயினும் பாராட்டுவோம். ஆனால் அதே நாளில், குறிப்பேட்டுக்கு அல்லாத அச்சுத் தாளின் வரி 12இலிருந்து 18 விழுக்காடாக ஏறிற்று. புத்தகத்துக்கு வரி இல்லாததால், தாளுக்குக் கட்டிய வரியைப் பதிப்பாளர் திரும்பப் பெறவும் வழியில்லை. அது புத்தக விலைக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்கிறது. வெற்றுத் தாளில் எழுதினால் வரி இல்லை. அச்சடித்த தாளைப் படித்தால் வரி உண்டு! புத்தகத்துக்கு வரி இல்லை என்னும் பெயரும் ஒன்றிய அரசுக்கு; புத்தகத்தின் தாளிலே வரி என்னும் வருவாயும் அதற்கு, அதிலே பங்கு மாநிலங்களுக்கும். பெயரும் வருவாயும் சேர்ந்தே கிடைக்கும் இத்தகைய வித்தையை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

தில்லியின் கொடைத்திறம் இன்னொன்றும் உண்டு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ், பாடநூலுக்கென்று தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு 250 ரூபாயும், நடுநிலை வகுப்புப் பிள்ளைக்கு 400 ரூபாயும் என்று அளவு குறித்திருக்கிறார்கள். 2024–25ஆம் ஆண்டுக்குரிய 2,152 கோடி ரூபாயை, வேறொரு திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக நிறுத்திவைத்தார்கள் என்று தமிழ்நாடு அரசு 2025இல் உச்ச நீதிமன்றம்வரை சென்று முறையிட வேண்டியதாயிற்று. பிள்ளையின் நூலைப் பிணையாக வைத்து நடத்தும் அரசியலுக்கு என்ன பெயர் சூட்டுவது என்பதை வாசகரே முடிவு செய்துகொள்க.

தாள் இல்லாமற்போனால் என்னவாகும் என்பதை அண்டையிலுள்ள இலங்கை நமக்குக் காட்டிற்று. 1945இல் இலவசக் கல்வியைத் தொடங்கி, 1980 முதல் பாடநூலையும் இலவசமாகத் தந்து, எழுத்தறிவிலே இந்தியத் துணைக்கண்டத்தையே நாணச் செய்த தீவு அது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றிற்று. தாள் வாங்க வழியின்றி, அவ்வாண்டு மார்ச்சில் மேல் மாகாணத்திலே தவணைத் தேர்வுகளையே ஒத்திவைத்தனர். இலவசம் என்று சட்டத்திலே எழுதியிருந்தும், எழுதுவதற்குத் தாள் இல்லை. நம்மிடம் தாளும் உண்டு, ஆலையும் உண்டு. நமக்குக் குறை பொருளில் இல்லை.

பிறகு செய்ய வேண்டியது என்ன? முதலாவதாக, கட்டாயத்தை ஒழித்திடல் வேண்டும். எந்தப் பள்ளியாயினும், அடுத்த ஆண்டுக்குரிய நூல்களின் பெயர், பதிப்பாளர், பக்கம், விலை ஆகியவற்றைக் கோடை விடுமுறைக்கு முன்னரே அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டவும், கல்வி அலுவலகத்துக்கு அனுப்பவும் ஆணை வேண்டும். எந்தக் கடையிலும் வாங்கலாம், பழைய நூலையும் கொண்டுவரலாம் என்று அந்தப் பலகையிலேயே எழுதியிருக்க வேண்டும். ஒருமுறை தேர்ந்தெடுத்த நூலை மூன்றாண்டுக்கு மாற்றலாகாது. பொதுப் பாடநூல் உள்ள பாடத்துக்குக் கூடுதல் நூல் திணிக்கலாகாது. எழுதிப் பழகக் குறிப்பேடு போதும்; எழுதி வீசும் நூல் வேண்டா. இவற்றுக்கு அரசுக் கருவூலத்திலிருந்து ஒரு ரூபாயும் செலவில்லை என்பதை நிதித் துறையினர் கவனிப்பாராக.

செலவுள்ளதும் ஒன்று உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளியிலே நூற்றுக்கு 25 இடம் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு. கட்டணத்தை அரசு தருகிறது. புத்தகத்தை யார் தருவது என்று பள்ளியும் அரசும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், அச்செலவையும் அரசே ஏற்க வேண்டும் என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்திற்று. அந்தத் தீர்ப்பு ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் நூலாக வந்து சேர்ந்திடல் வேண்டும். அதற்கும் ஒரு படி அப்பால், எட்டாம் வகுப்புவரை பொதுப் பாடத்திட்டத்திலே படிக்கும் எல்லாப் பிள்ளைக்கும், பள்ளி எதுவாயினும், பொது நூலை இலவசமாகத் தருவதே முறை என்பது நமது கருத்து. உரிமைச் சட்டம் வயதை வைத்துப் பேசுகிறது. பள்ளியின் பெயர்ப்பலகையை வைத்துப் பேசவில்லை. உடனே இயலாதெனில், 2024க்கு முந்திய விலைக்காவது திரும்பட்டும்.

புத்தக வங்கியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆண்டுதோறும் இலவசமாகத் தரும் நூல்களைத் திரும்ப வாங்கி அடுத்த ஆண்டுப் பிள்ளைக்குக் கொடுத்தால் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் சிக்கனக்காரர்கள் கிளம்புவார்கள். மேல்நிலை வகுப்பிலும், விலை மிகுந்த தனியார் நூல்களிலும் அது சரியே; கோத்தாரி குழு சொன்னதும் மேல் வகுப்புகளுக்கே. தொடக்கப் பள்ளி ஏழைப் பிள்ளையிடம் அந்தக் கணக்கைக் காட்டலாகாது. அந்தக் குடிசையிலே உள்ள ஒரே புத்தகம் அந்தப் பாடநூலாக இருக்கும். அதனை அந்தப் பிள்ளையின் தாய் புரட்டிப் படம் பார்ப்பாள். தங்கை எழுத்துக் கூட்டுவாள். ஆண்டு முடிந்தபின்னும் அது பரணிலே இருக்கும். அதனைத் திரும்பக் கேட்டு வாங்கித்தான் அரசு பிழைக்க வேண்டும் என்ற நிலை இல்லை.

நூல் தேர்வையும் விற்பனையையும் பற்றிய ஆணையைப் பள்ளிக் கல்வித் துறை பிறப்பிக்க வேண்டும். தாள் வரியைப் பற்றிய முறையீட்டை நிதித் துறை வரி மன்றத்தின் முன் வைக்க வேண்டும். இரண்டாவது, நாள் பிடிக்கும். முதலாவதற்கு ஒரு கையெழுத்துப் போதும். அதுவும் ஆண்டுத் தேர்வு முடிவதற்குள் வெளிவந்தால்தான் வருகிற ஜூனுக்குப் பயன்படும். மே மாதத்திலே வந்தால், கட்டுகள் கடைக்கு வந்து சேர்ந்திருக்கும், சீட்டும் அச்சாகியிருக்கும்.